அத்தானிடம் நான் சொன்ன ‘ஆமா’

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பியை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே டிவியில் கீழே ஓடும் வரியில் செய்தி வந்துவிட்டது. டெல்லி கணேஷ் முந்தின நாள் இரவு போய்விட்டார், வயது 80. வீட்டுக்கு வந்திருந்த அத்தான் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “பாவம், நல்ல நடிகரு” என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “ஆனா யோசிச்சுப் பாரு மாப்ளே, எல்லாப் படத்துலயும் ஒரே ஆளுதான? ஒரு ஐயரு, ஒரு புலம்பலு, ஒரு நல்ல மனசு. வேற என்ன செஞ்சாரு?” என்றார். நான் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “ஆமா அத்தான்” என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அடுக்களையில் இருந்த அம்மா மட்டும், யாரிடமும் சொல்லாதது போல, “அவரு பேசுனா அடுப்படியில இருந்தே வெளங்கும்” என்று ஒரு வார்த்தை சொன்னாள். அத்தான் அதைக் கவனிக்கவில்லை. எனக்கும் அப்போது அது பெரிதாகப் படவில்லை.

ஆனால் அந்த ‘ஆமா’ என்னை விடவில்லை. அத்தானோடு சண்டை போட்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவரோடு சினிமா பேசி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. நான் ஏன் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டேன் என்பதுதான் உறுத்தல். மரியாதைக்குச் சொன்ன ஆமாவா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன், அப்படியும் இல்லை. நிஜமாகவே அந்த நொடியில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முப்பது நாற்பது வருஷமாகப் பார்த்துவந்த ஒரு முகம், நினைவில் தேடினால் ஒரே ஒரு படமாகத்தான் வந்து நின்றது. குற்றம் அவருடையதா, என் நினைவுடையதா என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது போலிருந்தது. அடுத்த சில வாரங்கள், இரவு எல்லோரும் படுத்த பிறகு, அவர் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

மிருதங்கம் இல்லாத கச்சேரி

முதலில் போட்டது சிந்து பைரவி (1985). இளையராஜாவுக்காக எத்தனையோ முறை பார்த்த படம். இந்த முறை டெல்லி கணேஷ் நடித்த குருமூர்த்திக்காகப் பார்த்தேன். சிவகுமார் நடித்த பாடகர் ஜேகேபியின் மிருதங்க வித்வான் அவர். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வருகிறார். ஜேகேபி அவரை மேடையேற விடவில்லை. வேறு ஆள் தேடவும் இல்லை, மிருதங்கமே இல்லாமல் கச்சேரியைத் தொடங்கிவிடுகிறார். ஜேசுதாஸ் குரலில் ‘மகா கணபதிம்’ நாட்டை ராகத்தில் எழுகிறது, கீழே தாளத்துக்கு ஆதாரமாக ஒரு தட்டுக்கூட இல்லை. அந்தப் பாட்டைக் கேட்கிற காது, இல்லாத மிருதங்கத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். தேடித் தேடி ஒரு கட்டத்தில் நம் விரல்களே தொடையில் தட்ட ஆரம்பித்துவிடும். படம் நெடுகக் குருமூர்த்தி என்ற மனிதரின் எடை அந்தப் பாட்டில்தான் விழுகிறது. திரையில் இல்லாதபோது கிடைத்த எடை.

அதற்குப் பிறகு அவர் குடியை விடுகிறார், மறுபடி மேடைக்கு வருகிறார். பிற்பாதியில் ஜேகேபியே குடியில் விழுகிறார். தன்னைக் குடிக்காக விரட்டிய மனிதர் குடிப்பதைப் பார்க்கும் குருமூர்த்திக்கு எத்தனை விதமாக நடிக்கலாம்! உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி, ஒரு ‘பார்த்தியா’, ஒரு பழிவாங்கல் சிரிப்பு. சாதாரண நடிகர் ஒருவர் அதில் ஒரு சிட்டிகையாவது போட்டிருப்பார். இவர் போடவில்லை. பதறுகிறார். சுருதி விலகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் பதறுகிற பதற்றம் அது.

இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு விளக்கம் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். டெல்லி கணேஷ் என்றால் பக்கவாத்தியம். கமல் பாடுவார், சிவகுமார் பாடுவார், இவர் தாளம் பிடிப்பார். மறுநாள் இதை ஒரு நண்பரிடம் சொன்னேன், அவரும் தலையாட்டினார். ஆனால் சொல்லி முடித்ததும் எனக்கே அதில் ஒரு கள்ளத்தனம் தெரிந்தது. பக்கவாத்தியம் என்று சொல்வது பாராட்டு போல இருக்கும். உண்மையில் மரியாதையோடு ஓரமாக உட்காரவைக்கிற வேலைதான் அது. குணச்சித்திர நடிகர் என்ற சொல்லும் அப்படித்தான். கதாநாயகனுக்குக் குணமும் இல்லை, சித்திரமும் இல்லை போலிருக்கிறது! விருதுப் பட்டியலிலிருந்து இரங்கல் செய்தி வரைக்கும் இந்தச் சொல்லைப் போட்டு ஆளைக் கடந்துவிடுகிறோம். அத்தான் சொன்னதையேதான் நானும் கொஞ்சம் சங்கீதம் கலந்து சொல்லியிருந்தேன்.

மூன்று ஐயர்கள்

சரி, ‘ஒரே ஐயர்’ என்ற குற்றச்சாட்டையே நேராக எடுத்துக்கொள்வோம் என்று, பெயரிலேயே ஐயர் இருக்கிற மூன்று பாத்திரங்களை அடுத்தடுத்த ராத்திரிகளில் பார்த்தேன். நாயகன் (1987) படத்தின் ஐயர், மைக்கேல் மதன காமராஜன் (1990) படத்தின் பாலக்காடு மணி ஐயர், அவ்வை சண்முகி (1996) படத்தின் சேதுராம ஐயர். மூன்றும் கமல் படங்கள், எனவே ஒப்பிடுவதும் சுலபம்.

நாயகன் ஐயர் ஒரு மொழிபெயர்ப்பாளர். வேலு நாயக்கருக்கு இந்தி வராது, பம்பாயில் இந்தி இல்லாமல் ஆகாது, நடுவில் ஐயர் நிற்கிறார். நாயக்கர் பேசும்போது ஐயரின் கண் நாயக்கர் மேல் இருக்காது, எதிரில் இருப்பவன் மேல் இருக்கும். எந்தச் சொல் எங்கே குத்தும், எதைக் கொஞ்சம் மழுக்கிச் சொல்ல வேண்டும் என்று கணக்குப் போடுகிற கண். இரண்டு பாஷைக்கு நடுவில் பிழைப்பு நடத்துகிறவர்களிடம் நான் பார்த்திருக்கிற கண் அது. வடநாட்டுப் பக்கம் வேலைக்குப் போன என் சித்தப்பாவிடம் அது உண்டு. இதே ஐயர் பின்னால் போலீஸில் அடிபட்டுக் கிடக்கும்போதுதான், இந்த மனிதருக்குள் இவ்வளவு கெட்டியான ஒன்று இருந்ததா என்று நமக்குத் தெரிகிறது.

மணி ஐயர் வேறு கிரகம். பாலக்காட்டுத் தமிழ், சமையல்காரர், கமலின் நாலு வேஷங்களில் ஒன்றான காமேஸ்வரனை எடுத்து வளர்த்தவர். கிரேசி மோகனின் வசனத்தில் வார்த்தையைத் தவறவிட்டால் சிரிப்பு போய்விடும், ஒரு மூச்சு முந்தினாலும் போய்விடும். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் கிடக்கிற அந்தக் காட்சியை அடுத்த முறை பார்க்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். கமலை விட்டுவிட்டு மணி ஐயரையே பாருங்கள். நான் அப்படித்தான் பார்த்தேன். அவர் ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு மூட்ட முயலவில்லை. அவருக்கு அது நகைச்சுவைக் காட்சியே இல்லை. ஆயுசு முழுக்கச் சேர்த்த கைமணம், சம்பாதித்த பெயர், எல்லாம் ஒரு அண்டாவில் மிதக்கிறது. அவர் அவ்வளவு நிஜமாகக் கலங்குவதால்தான் கமல் அவ்வளவு தூரம் தாவ முடிகிறது.

சேதுராம ஐயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் படத்தில் ஆளுக்கொரு ரகசியம், இவருக்கும் ஒன்று. ஆனால் முதலாளி ஜெமினி கணேசனுக்கு முன்னால் ஒரு குரல், முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் என்று வைத்திருப்பார் பாருங்கள், அதில் கொஞ்சம் அற்பத்தனம் கசியும். மணி ஐயரிடம் அந்த அற்பத்தனம் துளியும் கிடையாது. ஆஹா (1997) படத்தில் இன்னொரு சமையல்காரர் வேஷம், அதிலும் மணி ஐயர் எட்டிப் பார்க்கமாட்டார். பூணூலை வைத்து ஆளை அடையாளம் சொன்னால் எல்லாம் ஒன்றுதான். காதால் கேட்டால் நாலும் நாலு ஆள்.

இதற்கு நடுவே அபூர்வ சகோதரர்கள் (1989) வேறு இருக்கிறது. நாலு வில்லன்களில் ஒருவர், பிரான்சிஸ் அன்பரசு. அங்கே ஐயரும் இல்லை, நல்ல மனசும் இல்லை. அந்த நால்வரில் நாசரைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஜெய்சங்கரைப் பார்த்தால் மிடுக்காக இருக்கும், நாகேஷைப் பார்த்தால் எந்த நேரத்தில் என்ன செய்வாரோ என்றிருக்கும். இவரைப் பார்த்தால் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் கண்ட மாதிரி இருக்கும். கெட்டவன் பெரும்பாலும் அப்படித்தான் இருப்பான் என்பது எனக்கு வயதான பிறகுதான் உறைத்தது. சின்ன வயதில் பார்த்தபோது, இவரைப் போய் வில்லனாகப் போட்டிருக்கிறார்களே என்று நினைத்தேன்.

வல்லநாட்டுக்காரருக்கு டெல்லி

அவருடைய ஊர் வல்லநாடு. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற வழியில், வெளிமான் சரணாலயம் இருக்கிற அதே வல்லநாடு. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். 1944 ஆகஸ்டில் பிறந்து, இருபது வயதில் விமானப்படையில் சேர்ந்து, 1964 முதல் 1974 வரை அங்கே இருந்தவர். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நாடகம் போட்டார். அங்கிருந்து பாலசந்தரின் பட்டினப் பிரவேசம் (1977), விசுவின் கதை, கிராமத்துக் குடும்பம் ஒன்று பட்டணத்துக்குக் குடிபோய்ச் சிதறுகிற கதை. கணேசனுக்கு டெல்லி என்ற பட்டத்தைச் சேர்த்ததும் பாலசந்தர்தான். சிவாஜி, ஜெமினி என்று ஏற்கெனவே இரண்டு கணேசன்கள் கோலோச்சிய ஊரில் மூன்றாவது கணேசனுக்கு ஒரு ஊர்ப்பெயர் தேவைப்பட்டிருக்கும். வல்லநாடு கணேஷ் என்று வைத்திருந்தால் அத்தானுக்கு அவரைப் பற்றிக் கொஞ்சம் வேறு அபிப்பிராயம் இருந்திருக்குமோ என்னவோ. நெல்லைக்காரர் ஒருவர் டெல்லி என்று பெயர் வாங்கி, மெட்ராஸில் குடியிருந்து, பாலக்காட்டுத் தமிழ் பேசி நம்மை நம்பவைத்திருக்கிறார் என்பதை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு அம்மாவின் அந்த வார்த்தை ஞாபகம் வந்தது.

அம்மா சினிமாக் கொட்டகைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. அவளுக்கு டெல்லி கணேஷ் என்றால் சீரியல்தான். அப்பா, மாமனார், தாத்தா என்று எத்தனையோ தொடர்களில் அவர் வந்துபோயிருக்கிறார். அம்மாவைப் போன்றவர்கள் சீரியலை உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஹாலில் டிவி ஓடும், இவள் அடுக்களையில் வெங்காயம் உரிப்பாள், பால் பொங்குகிறதா என்று பார்ப்பாள், குக்கர் விசில் எண்ணுவாள். கேமரா மூன்று தடவை முகத்துக்கு முகம் பாய்வதும், இடி இடிப்பதும் அவளுக்குத் தெரியாது. குரல்கள்தான் அவளுக்குக் கதை. மெகா தொடர் என்பது பாதி வானொலி நாடகம் என்று நான் இப்போது நினைக்கிறேன். அதில் முகத்தால் மட்டும் நடிக்கிறவர்கள் அடுக்களை வரைக்கும் வந்து சேரமாட்டார்கள். சபா மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று பழகிய குரல், இரண்டு சுவர் தாண்டி, குக்கர் சத்தத்தைத் தாண்டி வந்து சேரும். கத்தாமல் வந்து சேரும். “அடுப்படியில இருந்தே வெளங்கும்” என்று அம்மா சொன்னது நடிப்பைப் பற்றிய விமர்சனம். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான விமர்சனமும் அதுதான். நானும் அத்தானும் அவரை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

சீரியலை நான் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அவர் ஒப்புக்கொண்ட எத்தனையோ வேஷங்கள் அவரை வீணடித்தன. சினிமாவிலும்தான். நானூறு படத்துக்கு மேல் என்று இரங்கல் செய்திகளில் போட்டார்கள். அதில் பாதிக்கு மேல், ஒரு காட்சியில் வந்து பெண்ணுக்கு வரன் பார்த்துவிட்டுப் போகிற வேலை. எங்கம்மா மகாராணி (1981) படத்தில் கதாநாயகனாகக்கூட நடித்திருக்கிறார், அந்தக் கதவு அத்தோடு மூடிக்கொண்டது. ஒரு நல்ல ஐயர் வேஷம் கிடைத்து அது ஓடிவிட்டால், அடுத்த இருபது வருஷத்துக்கு அதே அளவு சட்டையைத்தான் தைத்துக் கொடுப்பார்கள். சம்பளம் வரும், வேலை நிற்காது. வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய்க்கும்? அத்தான் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. சட்டை ஒன்றேதான்.

ரிக்ஷாக்காரர்

பசி படத்தை நான் கடைசிக்கு வைத்திருக்கவில்லை. ஒரு ராத்திரி வேறு எதையோ தேடும்போது தானாக வந்து நின்றது. துரை எடுத்த படம், 1979. ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம் என்று மட்டும் தெரியும். ஷோபா இருக்கிறாரே என்றுதான் போட்டேன். சென்னைக் குடிசைப் பகுதி, குப்பை பொறுக்கப் போகிற பெண் குப்பம்மா, அவளுடைய அப்பா முனியாண்டி சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறவர். அச்சு அசலான மெட்ராஸ் பாஷை. நான் குப்பம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாக்காரர் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆன பிறகும் எனக்கு ஒன்றும் தட்டவில்லை. யாரோ அந்தப் பகுதியிலேயே பிடித்துப்போட்ட ஆள் என்றுதான் நினைத்தேன். துரை அப்படி எடுக்கக்கூடியவர்தானே. இன்னும் இரண்டு காட்சி போயிருக்கும். ஏதோ ஒரு வரியின் கடைசியில், குரல் லேசாக இறங்கி ஒரு இழுப்பு இழுத்தது. அந்த இழுப்பு எனக்குத் தெரிந்த இழுப்பு. படத்தை நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன். மறுபடி கேட்டேன். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன்.

எத்தனை வாரம் இந்த ஆளையே ராத்திரி ராத்திரியாகப் பார்த்துவிட்டு, அவர் எதிரே வந்து நிற்கும்போது எனக்குத் தெரியவில்லை! ஐயர் என்ற சட்டையைக் கழற்றிப் போட்டதும் ஆளே காணாமல் போய்விட்டார். ஒரு தவறான நினைவைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது. அந்த வேஷத்துக்கு அவருக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்திருக்கிறது. யாரும் கவனிக்காமல் போகவில்லை, அப்போதே கவனித்துப் பரிசும் கொடுத்திருக்கிறார்கள். வருஷத்தையும் பாருங்கள். பட்டினப் பிரவேசத்துக்கு இரண்டே வருஷம் கழித்து முனியாண்டி. நாயகன் ஐயர் வர இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது. ஐயராகவே வந்துகொண்டிருந்த ஒருவர் நடுவில் ஒரு மாறுதலுக்காக ரிக்ஷா மிதிக்கவில்லை. ரிக்ஷா மிதித்துக் காட்டியவரைத்தான் பிறகு நாம் ஐயராகவே வரச் சொன்னோம்.

வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், மணி ஒன்றரை. யாரையாவது எழுப்பிச் சொல்லவேண்டும் போலிருந்தது. படத்தை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். முனியாண்டியின் வீட்டில் நல்ல மனசுக்கெல்லாம் இடமில்லை, சோற்றுக்கே இடமில்லை. வறுமையை நடிக்கிறவர்கள் வழக்கமாகக் கூனிக் குறுகுவார்கள், கண்ணைப் பரிதாபமாக வைத்துக்கொள்வார்கள். இவர் அப்படி நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. களைத்துப்போன மனுஷனுக்கு வருகிற எரிச்சல்தான் எல்லாவற்றுக்கும் மேலே தெரிகிறது. பாசம் அதற்கு அடியில் எங்கோ கிடக்கிறது, தேடித்தான் எடுக்கவேண்டும்.

அவர் உடலுக்கு விமானப்படை மரியாதை செய்த செய்தியைப் பார்த்தபோது பலருக்கும் ஆச்சரியம். இவர் பட்டாளத்தில் இருந்தாரா என்று எங்கள் தெருவிலேயே கேட்டார்கள். பத்து வருஷம் சீருடை போட்டிருந்தவர் என்று திரையில் அவரைப் பார்த்து யாரும் ஊகித்திருக்க முடியாது. அதையும் அவர் எங்கேயோ மடித்து வைத்துவிட்டுத்தான் கேமரா முன்னால் வந்திருக்கிறார்.

பொங்கலுக்கு அத்தான் போன் பண்ணினார். கரும்பு விலை, மழை, மகன் வேலை எல்லாம் பேசி முடித்த பிறகு, சமயம் பார்த்து, “அத்தான், பசி படம் பாத்திருக்கீங்களா, ஷோபா நடிச்சது?” என்று ஆரம்பித்தேன்.

“பாக்காம? ரத்னா தியேட்டர்ல பாத்தேன். அந்தப் பிள்ளை என்னமா நடிச்சிருப்பா.”

“அதுல அந்தப் பிள்ளைக்கு அப்பாவா ஒருத்தர் வருவாருல்லா, ரிக்ஷாக்காரரு. அது டெல்லி கணேஷ்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் யாரோ பால் பொங்கியதற்குக் குலவை இடுகிற சத்தம் கேட்டது.

“போடே. அது வேற யாரோல்லா மாப்ளே” என்றார் அத்தான். “இவரு ஐயரால்லா வருவாரு.”